கூத்துமாடத்தில் கம்பன்

இலக்கிய விழா என்றவுடன் நம் மனக்கண்முன் ஒரு மேடை தோன்றுகிறது. மேடைமீது தலைவர், அவருக்கு இருபுறமும் சொற்பொழிவாளர்கள், எதிரே நாற்காலிகளில் அவையினர், முடிவில் போட்டியில் வென்றோர்க்குப் பரிசளிப்பு. ஊர்தோறும் இன்று நடைபெறும் கவியரங்குகளும், கட்டுரைப் போட்டிகளும், எழுத்துப் பயிற்சி வகுப்புகளும் இந்த அமைப்பையே பின்பற்றுகின்றன. இவ்வமைப்பு நமக்குப் புதிதன்று. பட்டிமண்டபம் என்னும் சொல் மணிமேகலைக் காலத்திலேயே வழங்கியது. கம்பர் தம் காவியத்தைத் திருவரங்கத்தில் அறிஞர் அவையில் அரங்கேற்றினார் என்பது மரபு. அம்மரபின் நினைவாக அக்கோயிலில் ஒரு மண்டபம் இன்றும் காட்டப்படுகிறது. சொல்வோன், கேட்போர், தீர்ப்பளிப்போர் ஆகிய முத்திறத்தாரும் கூடினால்தான் இலக்கிய நிகழ்ச்சி நிறைவுறும் என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம்.

ஆனால், கேட்போர் ஒருவரும் இல்லாமல், தீர்ப்பளிப்போரும் இல்லாமல், பரிசும் இல்லாமல், பல நூற்றாண்டுகளாக இரவிரவாக நடைபெற்று வரும் ஒரு தமிழிலக்கிய நிகழ்ச்சி உண்டு. அது தமிழ்நாட்டில் நடைபெறுவதன்று. கேரளத்தின் பாலக்காட்டுப் பகுதியில், மலையாளம் பேசும் மக்களிடையே நடைபெறுவது. அதன் பெயர் தோல்பாவைக்கூத்து. அதன் பாடபுத்தகம் கம்பராமாயணம். அதன் வரலாற்றை அறிவது, இலக்கியத்தை மக்களிடையே நிலைபெறச் செய்வது எது என்ற கேள்விக்கு விடை தேடுவதாகும்.

மேற்குத் தொடர்ச்சி மலை வடக்கிலிருந்து தெற்குநோக்கி மதில்போல் நீண்டு செல்கிறது. அம்மதிலில் அகன்று திறந்த ஒரே பெருவாயில் பாலக்காட்டுக் கணவாய். கோவையிலிருந்து வாளையாறு வழியாக மேற்கே செல்பவன் ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். சமநிலமாகவே மலைநாட்டினுள் புகுந்துவிடுவான். கொங்குநாட்டின் வறண்ட காற்றும் அவனுடனே புகும். காற்று புகுந்த வாயிலில் வணிகரும் நெசவாளரும் புகுந்தனர். அந்தணரும் வேளாளரும் புகுந்தனர். அவர்களுடன் தமிழும் புகுந்தது. வாயிலுக்கு அப்பால் பாரதப்புழை என்னும் பேராறு மேற்குநோக்கி ஓடுகிறது. மலையாள மக்கள் அன்புடன் ‘நிளா’ என்று அழைக்கும் அந்த ஆற்றின் கரைகளிலேதான், ஒற்றைப்பாலத்திலும் ஷொறணூரிலும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், நாம் பேசவந்த கூத்து வேரூன்றியது.

அந்தக் கூத்தின் அருமையை உணர, அதே நாட்டில் நிகழ்ந்த மற்றொரு புலமை விழாவை முதலில் நினைவு கூர்தல் வேண்டும். கோழிக்கோட்டை ஆண்ட சாமூதிரி மன்னர்கள் தளிக் கோயிலில் ஆண்டுதோறும் ‘ரேவதி பட்டத்தானம்’ என்னும் வித்வத்சபை கூட்டினார்கள். துலா மாதத்தில், நம் ஐப்பசியில், ரேவதி நட்சத்திரத்தன்று தொடங்கித் திருவாதிரை வரையில் ஏழு நாள் வாதம் நடைபெறும். மீமாம்சை, வியாகரணம், வேதாந்தம் முதலிய சாத்திரங்களில் வென்றவர்களுக்குப் பணக்கிழியும் ‘பட்டர்’ என்ற பட்டமும் வழங்கப்பெற்றன. பதினைந்தாம் நூற்றாண்டில் மானவிக்கிரமன் என்னும் சாமூதிரியின் காலத்தில் இச்சபையின் புகழ் உச்சநிலை எய்தியது. தொண்டைமண்டலத்திலிருந்து சென்ற உத்தண்ட சாஸ்திரியார் ஆண்டுக்கு ஆண்டு கிழிகளை வென்று, மலைநாட்டுப் பண்டிதர்களைத் தலைகுனியச் செய்தார் என்றும், பின்னர் காக்கசேரி பட்டதிரி என்னும் இளைஞர் தோன்றி அவரை வென்றார் என்றும் கதை வழங்குகிறது. உத்தண்டர் இயற்றிய கோகிலசந்தேசம் என்னும் தூதுக்காவியத்தில் குயில் காஞ்சியிலிருந்தே புறப்படுகிறது.

பெருமை மிக்க சபைதான், ஐயமில்லை. ஆனால் அதன் கதவு குறுகலானது. வாதம் வடமொழியில், வாதிடுவோர் அந்தணர். மானவிக்கிரமன் அவையில் ‘பதினெட்டரைக் கவிகள்’ இருந்தனர் என்பார்கள். அதென்ன அரைக் கவி? புனம் நம்பூதிரி என்னும் பெரும்புலவர் வடமொழியில் அன்றி நாட்டுமொழியில் பாடியமையால் அரையாக எண்ணப்பட்டார் என்பதே வழிவழி வரும் விளக்கம். அவர் பெயரால் வழங்கும் பாஷா ராமாயண சம்புவைப் படிப்போர் இன்று அவரை அரைக் கவியென்று சொல்லத் துணியார். தாய்மொழியில் பாடிய அந்தணருக்கே அரை மதிப்பு என்றால், பிற வகுப்பாருக்கும் பிற மொழிக்கும் அந்தச் சபையில் இடமேது?

இந்த வினாவுக்கு விடைபோல அமைந்தது கூத்துமாடம்.

நிளா நதிக்கரையில் பத்திரகாளி கோயில்கள் பல உண்டு. ஷொறணூரை அடுத்த கவளப்பாறை ஆரியங்காவு, ஒற்றைப்பாலத்தை அடுத்த பாலப்புறம் சினக்கத்தூர் காவு ஆகியவை அவற்றுள் பேர்பெற்றவை. இக்கோயில்களின் வெளியே, தேவியின் சந்நிதியை நோக்கியவாறு, நீண்ட குறுகிய கட்டடம் ஒன்று நிற்கும். நீளம் ஏறத்தாழ 42 அடி, முகப்பு திறந்திருக்கும். ஆண்டில் பெரும்பகுதி அது வெறுமையாகக் கிடக்கும். அறுவடை முடிந்து, தை பிறந்தபின், வைகாசி வரையில் உள்ள மாதங்களில் அதன் முகப்பில் திரை கட்டப்படும். மேலே வெள்ளைத் துணி. கீழே கறுப்புத் துணி. திரைக்குப் பின்னால் நீண்ட சட்டத்தின்மேல் 21 விளக்குகள் வரிசையாக ஏற்றப்படும். தேங்காய் மூடிகளே அகல்கள். தேவியின் சந்நிதி விளக்கிலிருந்து கொணர்ந்த சுடரே அவற்றுக்கு நெருப்பு. மான்தோலில் செதுக்கி, நுண்ணிய துளைகளிட்டு, மூங்கிற் பிளவில் பொருத்திய பாவைகள் விளக்குக்கும் திரைக்கும் இடையே வருகின்றன. ஒளி துளைகளின் வழியே பாய, இராமனும் இலக்குவனும் இராவணனும் நிழலுருவாய் உயிர்பெறுகின்றனர். நெடுநேரம் உரையாட வேண்டிய பாவைகளை முள்ளால் திரையிலேயே குத்தி நிறுத்திவிடுவார்கள். அப்பொழுது அசைவது பாவையன்று, சொல்தான்.

தேவிக்கு ஏன் இராமாயணம்? இதற்கு ஓர் அழகிய கதை கூறுவர். தாரிகன் என்னும் அசுரனை அழிக்கச் சிவபெருமான் பத்திரகாளியைத் தோற்றுவித்தார். அவள் தாரிகனோடு பொருதுகொண்டிருந்த அதே காலத்தில் இலங்கையில் இராம ராவண யுத்தம் நடந்து முடிந்தது. உலகமெல்லாம் கண்ட அந்தப் போரைத் தான் காணவில்லையே என்று அவள் வருந்தினாள். ஆண்டுதோறும் அவள் சந்நிதிமுன் அந்தக் கதை நிழலாக நடிக்கப்படட்டும் என்று சிவபெருமான் பணித்தார். ஆகவே இக்கூத்தின் முதற்பெரும் ரசிகை தேவி. மனிதர் வந்தாலும் வராவிட்டாலும் கூத்து நிற்பதில்லை.

கோயிலின் வழக்கத்திற்கேற்பவும் பொருள் வசதிக்கேற்பவும் 7, 14, 21, 41, 71 இரவுகள் என்று கூத்து நீளும். பெரும்பாலும் பஞ்சவடியில் சூர்ப்பணகை வரும் கட்டத்தில் தொடங்கி, யுத்தகாண்டத்தை விரிவாக நடத்தி, இராமர் பட்டாபிஷேகத்துடன் நிறைவுறுவது முறை. இரவு பத்து மணியளவில் தொடங்கினால் விடியும் வரை நடக்கும். எழுபறை முழங்கும், இலைத்தாளமும் சேங்கிலையும் ஒலிக்கும், சங்கு ஊதப்படும். முதலில் பட்டர்களின் பாவைகள் திரைக்கு வந்து இறைவாழ்த்தும் குருவாழ்த்தும் கூறும். பின்னர் அன்றைய இரவுக்குக் காணிக்கை தந்தோரின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவர்கள் வேண்டுதல் பலிக்குமாறு தேவியிடம் விண்ணப்பிக்கும். பிள்ளைப்பேறு வேண்டியவரும் நோய் தீர வேண்டியவரும் சிறுதொகை கொடுத்திருப்பார்கள். அதன்பிறகே கதை.

கதை எவ்வாறு சொல்லப்படுகிறது என்பதே நாம் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி. முதற்புலவர் கம்பனின் விருத்தம் ஒன்றை ராகமிட்டுப் பாடுவார். பின்னர் அதனைச் சொற்பிரித்து, பதவுரை கூறி, கருத்துரை கூறி, அதனோடு தொடர்புள்ள புராணக் கிளைக்கதைகளை விரிப்பார். எதிர்ப்பாத்திரத்தை ஏற்ற புலவர் வினா எழுப்புவார். முதற்புலவர் விடை தருவார். அந்த விடையிலிருந்து மறுவினா பிறக்கும். வீடணன் அடைக்கலம் புகும் கட்டத்தை எண்ணிப் பாருங்கள். பகைவனின் தம்பியைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று இராமன் கேட்க, சுக்கிரீவன் மறுக்க, சாம்பவன் ஐயுற, அனுமன் மட்டும் ஏற்கலாம் என்று காரணங்காட்டும் அந்த மந்திராலோசனை, படிப்போர்க்குச் சில பக்கங்கள்; கூத்துமாடத்திலோ அறநூல், அரசியல், நட்பின் இலக்கணம் அனைத்தும் அலசப்படும் நீண்ட வாதம். அடிபட்டு வீழ்ந்த வாலி இராமனைக் கேட்கும் கேள்விகளும் இத்தகையனவே. நாகபாசத்தால் கட்டுண்ட இலக்குவனையும் வானரப் படையையும் மீட்கக் கருடன் வரும் இரவில்தான் பாவைகளின் ஆட்டம் கண்ணைக் கவரும். ஏனைய இரவுகளில் கூத்து என்பது பெயரளவில் கூத்து. உண்மையில் அஃது ஓர் உரைவகுப்பு.

இந்த வகுப்பில் ஆசிரியராவது எளிதன்று. கம்பர் பாடியவை ஏறத்தாழ 10,500 பாடல்கள். அவற்றிலிருந்து தேர்ந்தவையும், வேறு இடங்களிலிருந்து வந்து சேர்ந்தவையுமாக 2,000க்கும் மேற்பட்ட செய்யுட்கள் கூத்து மரபில் வழங்குகின்றன. பெரும்பகுதி கம்பன் வாக்கே. இவற்றை மனனம் செய்வது முதற்படி. பின்னர் உரை பயில வேண்டும். புராணம், சோதிடம், மருத்துவம், இசை ஆகியவற்றில் அறிமுகம் வேண்டும். செய்யுளும் கூத்துமுறையும் அடங்கிய ஏட்டுச்சுவடிகள் குடும்பந்தோறும் பாதுகாக்கப்பட்டன. சிறுவன் ஒருவன் முதலில் விளக்குக்கு எண்ணெய் வார்ப்பான். பிறகு பாவை எடுத்துக் கொடுப்பான். பிறகு எதிர்ப்பாத்திரத்தின் சிறு விடைகளைச் சொல்வான். பல்லாண்டுகள் கழிந்து, ஓரிரவு முழுவதையும் தாங்க வல்லவனான பின்னரே ‘புலவர்’ என்று அழைக்கப்படுவான். அந்தப் பட்டத்தை வழங்கியது சர்வகலாசாலை அன்று. தன்னுடன் விடியுமட்டும் வாதிட்ட மூத்தோரின் ஒப்புதல்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டோர்க்கு இந்த உரைமுறையில் ஒரு வியப்பு காத்திருக்கிறது. பாடல் தமிழ், உரை தொடங்குவதும் தமிழில். ஆனால் அந்தத் தமிழில் மலையாளச் சொல்முடிவுகள் கலக்கும். தத்துவப் பொருள் வரும்போது வடமொழி கலக்கும். நகைச்சுவை வரும்போது முழு மலையாளமாகவே மாறிவிடும். மொழிபெயர்ப்பாளன் ஒரு மொழியின் கரையில் நின்று மறுகரைக்குச் சுமையை எறிகிறான். கூத்துப் புலவரோ ஆற்றின் நடுவிலேயே நிற்கிறார். வாய்வழி வந்தமையால் சில சொற்கள் உருத்திரிந்தன. பதிப்பில் உள்ள பாடத்துக்கும் மாடத்தில் ஒலிக்கும் பாடத்துக்கும் வேறுபாடுகள் உண்டு. பண்டிதர் இவற்றைப் பிழை என்பர். வீட்டில் மலையாளம் பேசும் ஒருவர், தமது பாட்டன் பாடியவாறே தமிழ் விருத்தத்தைப் பாடிக் காத்தார் என்பதை எண்ணும்போது, அந்தத் திரிபுகள் அவர் நடந்து வந்த தொலைவின் அடிச்சுவடுகளாகவே தோன்றுகின்றன.

கம்பன் இங்கு எவ்வாறு வந்தான்? கூத்து மரபு இதற்குச் சின்னத்தம்பி என்னும் புலவரின் பெயரைச் சொல்கிறது. பாலப்புறத்தைச் சேர்ந்த அவர் அந்தணர் அல்லர். அவருடைய தாயார் அந்தண இல்லங்களுக்குப் பண்டங்கள் கொண்டுசென்று விற்றவர். அங்கே இராமாயணம் வாசிக்கப்படுவதை அறிந்து கேட்கச் சென்ற சின்னத்தம்பியை, ‘இது உனக்குரியது அன்று’ என்று விலக்கிவிட்டார்கள். விலக்கப்பட்டவர் வெகுண்டு வீட்டில் அமர்ந்துவிடவில்லை. கம்பனைக் கற்றார், எல்லோரும் காணுமாறும் கேட்குமாறும் அதனைக் கோயில் வெளியில் பாவைக்கூத்தாக வகுத்தார் என்பது மரபு. இதை வரலாற்றுச் சான்றாகக் கொள்வதா, கதையாகக் கொள்வதா என்பது வேறு. கூத்தர்கள் தம் கலையின் பிறப்பை எவ்வாறு நினைவுகொள்ள விரும்பினர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். உள்ளே வராதே என்று தடுத்த ஒரு வாயிலுக்கு எதிராக, கதவே இல்லாத ஒரு மாடத்தை அவர்கள் கட்டினார்கள். தளிக் கோயில் சபையையும் இந்த மாடத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இதன் பொருள் நன்கு விளங்கும்.

கம்பன் சென்று தங்கிய நிலம் தரிசாக இருக்கவில்லை என்பதையும் சொல்லுதல் வேண்டும். மலையாளத்தின் மிகப் பழைய காவியங்களுள் ஒன்றாகிய இராமசரிதம் யுத்தகாண்டக் கதையையே பாடுகிறது. தமிழ் நெடுங்கணக்கின் எழுத்துகளாலேயே அமைந்து, எதுகை மோனைகளுடன் நடக்கிறது. பதினான்காம் நூற்றாண்டு இலக்கண நூலாகிய லீலாதிலகம் ‘பாட்டு’ என்னும் இலக்கிய வகைக்கு வகுத்த இலக்கணமும் அதுவே. பின்னர் பதினாறாம் நூற்றாண்டளவில் துஞ்சத்து எழுத்தச்சன் அத்யாத்ம ராமாயணத்தைக் கிளிப்பாட்டாகப் பாடி மலையாள மொழிக்குப் புதுவடிவம் தந்தார். அவர் தம் இறுதிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லப்படும் குருமடம், பாலக்காட்டுக்கு அருகில், தமிழும் மலையாளமும் இணைந்து வழங்கும் சித்தூரில், சோகநாசினி ஆற்றங்கரையில் உள்ளது. வீடுகளில் எழுத்தச்சனின் கிளி மலையாளத்தில் பாட, கோயில் வெளியில் கம்பனின் விருத்தம் தமிழில் ஒலித்தது. ஒன்று மற்றொன்றை விரட்டவில்லை.

அரசியல் எல்லைகள் மாறியபோதும் இந்நிலை மாறவில்லை. பாலக்காடு மலபார் ஜில்லாவின் பகுதியாகச் சென்னை இராஜதானியில் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கேரளத்தைச் சேர்ந்தது. 1957 ஜனவரி 1 முதல் தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடு வரைந்தவர்கள் கணக்கில் கொண்டது பேச்சுமொழியை. பாடுமொழி ஒன்றாகவும் பேசுமொழி வேறாகவும் வாழ்ந்த கூத்துக் குடும்பங்களை எந்தப் பத்தியில் எழுதுவது?

மாறியது வேறொன்று, அதுவே வேதனை தருவது. பெருநிலக்கிழார் குடும்பங்களும் கோயில்களின் நெல் வருவாயும் கூத்துக்கு ஆதாரமாயிருந்தன. நிலச்சீர்திருத்தம் குடியானவனுக்கு நிலம் அளித்தது, அது நீதி. ஆனால் பழைய ஆதரவு குன்றிய இடத்தில் புதிய ஆதரவு உடனே தோன்றவில்லை. திரைப்படமும் பிறவும் இரவுப்பொழுதைக் கவர்ந்துகொண்டன. ஜெர்மானிய அறிஞர் ஃப்ரீட்ரிஷ் ஸெல்ட்மன் இக்கூத்தை விரிவாக ஆராய்ந்து 1986இல் நூல் வெளியிட்டார். 1980களில் கூத்துமாடத்தினுள்ளேயே இரவுகளைக் கழித்து ஒலிப்பதிவு செய்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்னும் அறிஞர், 1996இல் வெளியான தம் நூலில் முதன்மையாகச் சுட்டுவது ஒன்றுண்டு: பல இரவுகளில் திரைக்கு முன்னால் ஒருவரும் இல்லை. இருப்பினும் திரைக்குப் பின்னால் புலவர்கள் ஒருவரையொருவர் மடக்கி வாதிடுகிறார்கள். நல்ல விடைக்கு மகிழ்கிறார்கள். பொருந்தாத உரையைத் திருத்துகிறார்கள். வெளியே அவை இல்லாதபோது, கூத்தர்களே ஒருவர்க்கொருவர் அவையானார்கள்.

நேயர்களே, கண்ணுக்குத் தெரியாத கேட்போரை நம்பிப் பேசுவது வானொலியில் பேசுவோர்க்கும் வாய்த்த நிலைதான். ஆனால் எங்கோ ஒரு வீட்டில் யாரோ கேட்கிறார்கள் என்ற உறுதி எங்களுக்கு உண்டு. கூத்துப் புலவர்க்கு அந்த உறுதி தேவியிடம் கொண்ட நம்பிக்கை ஒன்றே.

அதே நூற்றாண்டில் தமிழ்நாட்டில் கம்பன் பெற்ற வாழ்வை இங்கே ஒப்பிடலாம். 1939இல் காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தோற்றுவித்தார். ஆண்டுதோறும் கம்பன் திருநாளும், அதில் பட்டிமண்டபமும் வழக்கமாயின. பிற ஊர்களிலும் கழகங்கள் தோன்றின. 1943இல் கம்பராமாயணத்தைக் கொளுத்தலாமா என்பதுபற்றிச் சென்னையில் அறிஞர் அண்ணாதுரைக்கும் ரா. பி. சேதுப்பிள்ளைக்கும், பின்னர்ச் சேலத்தில் அண்ணாதுரைக்கும் நாவலர் சோமசுந்தர பாரதியாருக்கும் சொற்போர் நடந்தது. போற்றியோரும் எதிர்த்தோரும் கம்பனை மேடைக்குக் கொணர்ந்தார்கள், கூட்டம் திரண்டது. அந்த ஆண்டுகளிலும் நிளாக்கரையில் சில விளக்குகளின் ஒளியில், கூட்டமின்றி, கம்பன் பாடப்பட்டுக்கொண்டுதான் இருந்தான். தமிழ்நாட்டு மேடைகளில் அவனைப்பற்றி எழுந்த ஆரவாரத்தை அந்த மாடங்கள் அறியா. அந்த மாடங்களை நம் மேடைகளும் பெரிதாக அறிந்திருக்கவில்லை.

கூத்து அடியோடு மறைந்துவிடாமல் காத்தவர்களில் தலையாயவர் கூனத்தறை கிருஷ்ணன்குட்டிப் புலவர். 1925இல் பிறந்து 2000இல் மறைந்த அவர், கோயில் மாடத்தில் மட்டுமே நடந்த கூத்தைப் பொதுமேடைக்கும் பிற நாடுகளுக்கும் எடுத்துச் சென்றார். சங்கீத நாடக அகாதமியின் விருதும் பெற்றார். அவர் மகனார் இராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. காந்தியடிகளின் வரலாறு போன்ற புதுக்கதைகளும் பாவைக்கு வந்துள்ளன. ஆடவர்க்கே உரியதாயிருந்த கலையில் அக்குடும்பத்துப் பெண்களும் தனிக்குழு அமைத்துள்ளார்கள். சின்னத்தம்பியின் கதையைப் போற்றும் மரபு, பெண்களுக்கும் வாயிலைத் திறந்தது பொருத்தமே.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. பொதுமேடையில் கூத்து ஒரு மணி நேரம். அந்நேரத்தில் சேது கட்டவும் வேண்டும். கும்பகர்ணன் விழவும் வேண்டும். இராவணன் மாளவும் வேண்டும். பாவைகள் விரைந்து ஆடுகின்றன, கண் மகிழ்கிறது. பாடல்கள் சில மட்டும் எஞ்சுகின்றன. உரை இடமின்றிப் போகிறது. பாவை பிழைத்துக்கொண்டது, அருங்காட்சியகம் அதை வாங்கும், விழா அதை அழைக்கும். ஆனால் ஒரு விருத்தத்தை எடுத்து அரைமணி நேரம் பொருள் விரித்து, எதிர்வினாவுக்கு விடையிறுத்து, கேட்பாரில்லாத இரவிலும் சோர்வடையாத அந்தப் புலமைக்கு எந்தக் கண்ணாடிப் பெட்டியும் இல்லை. அதை அறிந்த முதியவர் ஒருவர் மறையும்போது ஒரு நூலகத்தின் ஓர் அலமாரி ஓசையின்றி வெறுமையாகிறது. குறுங்கூத்தைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அது இல்லையேல் இளைஞர்கள் இத்தொழிலில் நில்லார்கள். குறுங்கூத்தையே முழுக்கூத்தென்று நாம் கருதிவிடலாகாது என்பதே என் கவலை.

எல்லைப்பகுதியில் இலக்கியத்தைத் தெய்வத்தின் முன் வைத்துக் காத்த இடம் இது ஒன்று மட்டும் அன்று. தெற்கே, 1972இல் உருவான இடுக்கி மாவட்டத்துக்கும் தேனி மாவட்டத்துக்கும் நடுவே, பெரியாறு புலிகள் காப்பகக் காட்டினுள், மலையுச்சியில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரே நாள், சித்திரைப் பௌர்ணமியன்று, மக்கள் அங்கே செல்ல அனுமதி உண்டு. குமுளிப் பக்கமிருந்து மலையாளிகளும், கூடலூர்ப் பக்கமிருந்து தமிழர்களும் ஏறிவருவர். இரு மாநிலத்தாரின் பூசைகளும் நிகழும். இரு மாவட்ட ஆட்சியாளர்களும் கூடி ஏற்பாடு செய்வர். சிலப்பதிகாரம் உ. வே. சாமிநாதையரின் பதிப்பாக 1892இல் வெளிவந்தது. ஏட்டைத் தேடிப் பதிப்பித்த அப்பெருமகனாரின் தொண்டு ஒருபுறம். வேங்கை மரத்தின் கீழ் நின்று விண்புக்க பத்தினியைத் தேடி ஏடறியாத மக்கள் ஏறும் மலைப்பாதை மற்றொருபுறம். கண்ணகியின் கதை இவ்விரு வழியாலும் நம்மிடம் வந்தது. அங்கும் பரிசு இல்லை. ஏறிச்செல்லுதல் ஒன்றே உண்டு.

இனிச் செய்யத்தக்கது யாது? பட்டத்தானத்தின் வழியும் நமக்கு வேண்டும். மாடத்தின் வழியும் வேண்டும். போட்டி இளைஞரை அழைக்கும். பயிற்சியே அவர்களை நிறுத்தும். கேரளத்தில் 1957இல் தொடங்கிய பள்ளிக் கலோத்சவத்தில் தமிழ்ச் செய்யுள் ஒப்பித்தலும் ஒரு போட்டியாக இடம்பெறுகிறது. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் உள்ள தமிழ்ப் பள்ளிகளின் பிள்ளைகள் அதில் கலந்துகொள்கிறார்கள். ஒப்பித்தலோடு நில்லாமல், ஒப்பித்த செய்யுளுக்குப் பொருள் சொல்லவும், நடுவர் கேட்கும் எதிர்வினாவுக்கு விடையிறுக்கவும் ஒரு போட்டி வைத்தால், அது கூத்துமாடத்தின் முறையையே பள்ளிக்குள் கொணர்வதாகும். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை உண்டு. அங்கே கம்பனைப் பாடமாகப் பயில்வோர், தம் ஊருக்கு அண்மையில் கம்பன் பாடப்படும் இரவுகளில் சிலவற்றையேனும் மாடத்தருகே அமர்ந்து கேட்டு, உரையைப் பதிவு செய்வாராயின், அச்சிட்ட பாடத்துக்கும் ஒலிக்கும் பாடத்துக்கும் இடையிலுள்ள நெடுந்தொலைவைத் தாமே அளந்தறிவர். எழுதக் கற்பிக்கும் வகுப்புகள் பெருகிவரும் நாளில், கேட்கக் கற்பிக்கும் வகுப்பு இது ஒன்றேனும் இருக்கட்டும்.

தை மாதம் பிறந்து வயல்கள் ஓய்ந்தபின், நிளாக்கரைக் காவுகளில் திரை மீண்டும் கட்டப்படும். தேவியின் விளக்கிலிருந்து சுடர் வரும். அவ்வழியே செல்லும் தமிழர்கள் ஓரிரவு அங்கே தங்கலாம். நுழைவுச்சீட்டு வேண்டியதில்லை, அழைப்பிதழும் வேண்டியதில்லை. தம்முடைய கவிச்சக்கரவர்த்தியை வேற்றுமொழி பேசும் நாட்டார் எவ்வளவு அக்கறையுடன் ஓதுகிறார்கள் என்பதை நேரில் கேட்கலாம். திரைக்கு இப்பால் ஒருவர் அமர்ந்திருக்கிறார் என்று தெரிந்தால், அப்பால் இருக்கும் புலவர் இன்னும் ஒரு பாட்டுக்குப் பொருள் விரித்துச் சொல்வார்.